பதினோரு மணிக்குப் பெரட்டு

அது வேணாம் தம்பி. பாக்க நல்லாத்தான் இருக்கு, பச்சையும் ஊதாவுமா லைட்டு எரியுது, தைப்பூசத்துக்கு ரதம் கட்டுன மாதிரி. ஆனா கண்ணாடிக்கு மேல போட்டா காதோரம் நெரிக்குதுலா. இங்க பாருங்க, அஞ்சு நிமிசம்கூட ஆகல, கண்ணாடிக் கம்பி பதிஞ்சு கோடு விழுந்துருச்சு. லைட்டு என் தலைக்கு மேல எரிஞ்சா எனக்கு என்ன, நானா பாக்கப் போறேன்? வேற காட்டுங்க.

ஆமா, எனக்குத்தான். பிள்ளைங்களுக்கு இல்ல, எனக்கேதான். சிரிங்க, பரவால்ல. உங்க வாப்பா ஜஹாங்கீர் அண்ணே இந்தக் கடையில கொடையும் கைக்கடிகாரமும் வித்த காலத்துலேர்ந்து நா வந்துக்கிட்டு இருக்கேன். அவரும் இப்படித்தான் வாய மூடிக்கிட்டுச் சிரிப்பாரு. வீட்டுக்குப் போயி தினேஸ்வரி வந்தாங்கன்னு சொன்னா அவருக்குத் தெரியாது. புந்தோங் ஸ்கூல் வேன் அக்கா வந்துச்சு, கேம் ஆடறதுக்கு ஹெட்செட் கேட்டுச்சுன்னு சொல்லுங்க. அவரும் சிரிக்கட்டும்.

லிஸ்ட்டு இருக்கு தம்பி, போன்ல வச்சிருக்கேன். கண்ணாடிய கழட்டிட்டேன், அதான் எழுத்து ஆடுது, இருங்க. ஆங். வயரு இருக்கக் கூடாது. ஆனா புளூடூத்தும் வேணாம், போனுக்கு அடியில சொருவற மாதிரி சின்னதா ஒரு துண்டு வருமே, அந்த மாதிரி வேணும். புளூடூத்துன்னா சத்தம் லேட்டா வருதுலா. சுட்டவன் ஓடிப் போயி ஒளிஞ்சப்பறம்தான் நமக்கு டுமீல்னு கேக்குது. அதுக்குள்ள நம்ம கதை முடிஞ்சு போவுது.

அப்பறம், கனமா இருக்கக் கூடாது, கழுத்து வலிக்கும். சார்ஜ் ரெண்டு மூனு நாளைக்காவது நிக்கணும், மறந்துட்டா சிரமம். நல்லா தஹான் பண்ணனும், தாங்கணும், சும்மா கீழ விழுந்ததுக்கெல்லாம் ஒடையக் கூடாது. கண்ணாடிக்கு மேல போட்டா வலிக்கக் கூடாது. அவ்ளோதான் லிஸ்ட்டு.

இதுவா? ம்ம். கனம் தெரியல, நல்லா இருக்கு. ஆனா காதுல இந்தத் தோல் மாதிரி ஒட்டியிருக்கே, அது வேணாம். இது லிஸ்ட்டுல இல்ல, என் சொந்த அனுபவம். என் வேன் சீட்டு இதே சாமான்தான். ஈப்போ வெயிலுக்கு ஒரு வருசம் தாங்காது தம்பி, தோல் தோலா உரிஞ்சு பிள்ளைங்க வெள்ளச் சட்டையெல்லாம் கருப்புக் கருப்பா ஒட்டிக்கும். தாய்மாருங்க என்னத்தான் திட்டுவாங்க. துணி வச்சதா காட்டுங்க. கழட்டித் தொவைக்க முடியுமா? முடியும்னா ரொம்ப நல்லது.

ஆ, இது நல்லா இருக்கு. மெத்துன்னு இருக்கு. கண்ணாடி போட்டது தெரியவே இல்ல.

இத கொஞ்சம் வளைச்சுப் பாக்கலாமா? பயப்படாதீங்க, ஒடைஞ்சா நானே எடுத்துக்கறேன். எங்க ஒடையும்னு எனக்குத் தெரியும். இந்த மேல்பட்ட இல்ல, இங்க, காதுக் கிண்ணம் வந்து சேருது பாருங்க, இந்த மூட்டு. பிளாஸ்டிக்கா இருந்தா ஒரே அழுத்து, டப்புன்னு போயிரும். இதுல உள்ள இரும்பு வச்சிருக்கான். கெட்டிக்காரன்.

எப்படித் தெரியுமா? ஒன்ன ஒடைச்சிருக்கேன் தம்பி. எம் மவனோடது.

தனேஸ்வரன்னு பேரு, ஒரே பிள்ளை. மொத சம்பளத்துல வாங்கிட்டு வந்தான், கருப்புக் கலரு. அத மாட்டுனா அவனுக்கு இடி விழுந்தாலும் கேக்காது. சோறு போட்டு வச்சுட்டுக் கூப்புடுவேன், ம்ஹூம். ஒருநா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன். எழுந்திரிக்க முடியல. தனேஸு தனேஸுன்னு கத்தறேன், அவன் பக்கத்து ரூம்புல உக்காந்து யார்கிட்டயோ சிரிச்சுச் சிரிச்சுப் பேசறான். செவுத்தப் புடிச்சுப் புடிச்சு எழுந்து போயி, தலையிலேர்ந்து அதப் புடுங்கி முட்டியில வச்சு ரெண்டா ஒடைச்சேன். விழுந்தத நா சொல்லவே இல்ல தம்பி. வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன், அத மட்டும் சொல்லல. அவன் பாத்தது என்ன, கேம் ஆடுனதுக்கு அம்மா பேய் மாதிரி வந்து ஒடைச்சாங்க, அவ்ளோதான். அடுத்த வாரமே பினாங்குல ஃபேக்டரி வேல கெடைச்சிருச்சுன்னு பைய தூக்கிக்கிட்டுப் போயிட்டான்.

மூனு தீபாவளி ஆச்சு. வாட்ஸப்புல என்ன அனுப்புனாலும் ஒரு கட்டவெரல் வரும். சாப்புட்டியாடான்னு கேட்டா கட்டவெரல். மாரியம்மன் கோயில் திருவிழா படம் அனுப்புனா கட்டவெரல். காய்ச்சல்னு போட்டேன், அதுக்கும் கட்டவெரல் போட்டுட்டு, பத்து நிமிசம் கழிச்சு அழிச்சிட்டான்.

அழுவல தம்பி, தூசி. உங்க ஃபேன திருப்பி விடுங்க. நல்ல கதைதான் சொல்ல வந்தேன்.

ஸ்கூல் வேன்னா காலையில ஏழரைக்குப் பிள்ளைங்கள எறக்கிட்டா பன்னெண்டே முக்கால் வரைக்கும் சும்மாதான். மரத்தடியில வேன நிப்பாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். என் வேன்ல ஆஃப்ஷீன்னு ஒரு பொண்ணு வருது, அஞ்சாம் வகுப்பு, முன் சீட்டு அதுக்குத்தான். அதுதான் கேம் எறக்கிக் குடுத்துச்சு. எம் மவன் ஆடறதும் அதே கேம்தான், அதுல அவன் வச்சிருக்கற பேரு எனக்குத் தெரியும், ஜிம்மி புந்தோங். எங்க வீட்டு நாய் பேரு. அவனுக்கு நைட் ஷிப்டு, காலையில ரூம்புக்கு வந்து தூங்கறதுக்கு முன்ன ஆடுவான். நா போயி அவன் கூட்டத்துல சேந்துட்டேன். என் பேரு லோரி செவன்டி செவன். வயசு முப்பது, ஆம்பள, லோரி ஓட்டறேன், மைக்கு கெட்டுப் போச்சு. எட்டு மாசமா என் மைக்கு கெட்டுத்தான் கெடக்கு.

மொதல்ல ரொம்பக் கேவலம் தம்பி. சுடத் தெரியாம செவுத்தையே சுட்டுக்கிட்டு இருப்பேன். எங்க கூட்டத்துல தைப்பிங்கு மலாய்க்காரப் பையன் ஒருத்தன், மெங்லெம்பு சீனப் பையன் ஒருத்தன், ரெண்டு பேரும் திட்டுவானுங்க. ஜிம்மி மட்டும் விட்ருங்கடா, பாவம்னு எழுதுவான். இப்ப பரவால்ல, ஒரு ஆட்டத்துக்கு நாலஞ்சு பேர சாச்சிருவேன்.

ஒருநா எல்லாரும் எத்தன மணிக்குச் சேரலாம்னு கேட்டானுங்க. நா பதினோரு மணிக்குப் பெரட்டுன்னு அடிச்சுட்டேன். வாய் தவறுற மாதிரி கை தவறிப் போச்சு. உங்களுக்குப் பெரட்டு தெரியாதா? ரப்பர் தோட்டத்துல காலையில ஆளுங்கள நிக்க வச்சுப் பேர் கூப்புடுவாங்கல்ல, அது. நா செமோர் பக்கம் தோட்டத்துலதான் பொறந்தேன். தோட்டம் போயி வீடு கட்டிட்டான், எனக்கு அந்தச் சொல்லு மட்டும் போவல. தனேஸ ஸ்கூலுக்கு எழுப்பறதுன்னாலும் பெரட்டுக்கு நேரமாச்சுடான்னுதான் எழுப்புவேன். அந்த ரெண்டு பசங்களும் ஏதோ கேம் பாஷைன்னு நெனச்சுக்கிட்டானுங்க. இப்ப அந்தச் சீனப் பையன்தான் பெரட்டு லா பெரட்டு லான்னு எல்லாரையும் கூப்புடறான், தெரியுமா.

அன்னிலேர்ந்து பாத்தா, ஜிம்மி சண்டையில எனக்கு முன்னுக்குப் போயி நிக்கறான். மருந்துப் பொட்டி கெடைச்சா எனக்குத்தான் குடுக்கறான். சுத்தி நின்னு சுட்டுக்கிட்டு இருக்கானுங்க, நடுவுல பசியாறியாச்சா ப்ரோன்னு கேக்கறான். பரவால்லையே, முன்னபின்ன தெரியாத லோரிக்காரன இப்படி விசாரிக்குதே, நா வளத்த பிள்ளையாச்சேன்னு எனக்கு ஒரே பெருமை. ஆஃப்ஷீன்கிட்டகூடச் சொன்னேன்.

அந்த லிஸ்ட்டா? அதான் சொல்ல வாரேன். முந்தாநாள் ஜிம்மி போட்டான். மைக்கு வச்ச புது ஹெட்செட் வாங்குங்க ப்ரோ, பேசுவோம்னு. வாங்கறதுன்னா எப்படி இருக்கணும்னு வரிசையா அவனே எழுதி அனுப்புனான். நீங்க இவ்ளோ நேரம் எடுத்து எடுத்துப் போட்டதெல்லாம் அவன் லிஸ்ட்டுக்குத்தான்.

நாந்தான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? எட்டு மாசத்துல ஒரு தடவகூட நா வாய் தொறக்கலையே. நேத்து ராத்திரி பூரா எனக்கும் ஒரே பயம்தான், மைக்குல பேசுனா கொரலக் கண்டுபுடிச்சிருவானே, கண்டுபுடிச்சா கூட்டத்த விட்டே போயிருவானேன்னு. வாங்கவே கூடாதுன்னுதான் காலையில வேன எடுத்தேன். பிள்ளைங்கள எறக்கிட்டு, மரத்தடியில உக்காந்து லிஸ்ட்ட இன்னொரு தடவ படிச்சேன். படிச்சதும் நேரா இங்கதான் வாரேன்.

இதையே குடுங்க, பொட்டியெல்லாம் வேணாம், இப்படியே மாட்டிக்கிட்டுப் போறேன். பாதி சார்ஜ் இருக்குன்னீங்கல்ல, போதும். மொதல்ல அன்னிக்குப் பாத்ரூம்ல விழுந்தத அவன்கிட்டச் சொல்லிருணும். மத்தத அப்பறம் பேசிக்கலாம்.

ஏன்னா பாருங்க தம்பி, லோரி ஓட்டறவனுக்குக் கழுத்து வலிக்கும், யாருக்கும் தெரியும். சார்ஜ் போட மறக்கறது ஊருல எல்லாரும்தான். ஆனா கண்ணாடிக்கு மேல போட்டா வலிக்கக் கூடாதுன்னும் எழுதியிருக்கானே, கண்ணாடி போடுவேன்னு நா அந்தக் கேம்ல ஒருத்தர்கிட்டயும் எழுதுனதே இல்ல.

சரி, வாரேன். பத்தே முக்கால் ஆச்சு. பதினோரு மணிக்குப் பெரட்டு.