ஆணிக்குத் திரும்பிய வில்லை

காற்றுக்கும் மழைக்கும் கால் பின்வைக்காதவரே! கம்பத்தின் உச்சியிலும் கைநடுக்கம் அறியாதவரே! முழங்கால் நீரில் அசையாமல் நின்று தூண்டில் போடுவதால் ‘கொக்கு’ என்று எங்களால் செல்லமாக அழைக்கப்படும் மூத்த லைன்மேன் அண்ணே! வணக்கம்.

ஓய்வு பெறுபவருக்கு எழுதும் மடலில் பிரிவுத் துயரம் பொங்க வேண்டும் என்பார்கள். எங்களுக்குப் பொங்கவில்லை. எழுத உட்கார்ந்ததும் வந்தது ஒரு பெருமூச்சுதான். முப்பத்து மூன்று ஆண்டுகள் கம்பம் ஏறினீர்கள். பத்து விரல்களோடும் இறங்கிவிட்டீர்கள். இதைவிடப் பெரிய பாராட்டை எந்த அகராதியில் தேடுவோம்!

மதியச் சாப்பாட்டை அலுவலகத்துக்குள் வைத்து நீங்கள் சாப்பிட்டதை யாரும் கண்டதில்லை. கொட்டும் மழையிலும் பின்புறத்து மரத்தடிதான். ஞாயிறு வந்தால் உங்கள் பெண்கள் இருவரையும் சைக்கிளின் முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு குன்றுக்கோ ஆற்றுக்கோ கிளம்பிவிடுவீர்கள். “இந்த மனுசனுக்குக் கூரை போட்டு வீடு எதுக்கு? சுத்தி வேலி போட்டிருந்தா போதுமே!” என்று அண்ணி அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே உங்களோடு குன்றும் ஏறுவார்.

வந்திருக்கும் விருந்தினருக்கு எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பம் ஏறப் போகிறவர், சுவிட்ச் அறை ஆணியில் தொங்கும் தன் பித்தளை வில்லையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். இறங்கி வந்து அவர் கையாலேயே அதை மாட்டும்வரை அந்த லைனுக்கு யாரும் மின்சாரம் விடக் கூடாது. அதனால் அண்ணன் வீட்டில் விளக்கு எரிந்தால், “அப்பா இறங்கிட்டாரு!” என்று பெண்கள் கைதட்டுவார்களாம்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன், வெள்ளம் வடிந்த ஒரு பகலில், அந்த விளக்கு எரியவில்லை.

உங்கள் வீட்டுக்கும் மின்சாரம் தரும் ஆற்றோர லைனைச் சரிசெய்ய நீங்கள் தனியே போயிருந்தீர்கள். மற்றவர்கள் ஊரின் மறுமுனையில் விழுந்த கம்பங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் போனோ மழையில் நனைந்து உயிரை விட்டிருந்தது. அலுவலகத்தில் புகார் போன் எடுக்கும் அக்காவும் இன்ஜினியரும் மட்டும்.

“ரெண்டு மணி நேரமாச்சும்மா. வேலை முடிஞ்சு எங்கயாச்சும் டீ குடிச்சிட்டிருப்பாரு. போட்டுடலாம்” என்றார் இன்ஜினியர்.

“இருக்கலாம் சார். ஆனா வில்லை வரலையே.”

“ஊரே திட்டுது.”

“என்னைத்தான சார் திட்டுது? திட்டட்டும்.”

சொல்லிவிட்டு அக்கா சுவிட்ச் அறை வாசலில் போய் நின்றுகொண்டார். காலையில், “அண்ணே, ஆத்தோரம் லைன் போயிடுச்சு, கொஞ்சம் பாத்துடுங்க” என்று இனிக்க இனிக்கச் சொல்லி அனுப்பியவர் அவர்தான். எத்தனை புயல்களில் இதே குரலால் எத்தனை பேரை அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்தபோது, தன் குரலே அவருக்குப் பிடிக்காமல் போனது.

அண்ணி இரண்டு முறை போன் செய்து, “ஆணிக்கு வந்துடுச்சா?” என்று மட்டும் கேட்டார். மூன்றாம் முறை கேட்டுவிட்டுப் போனை வைக்கவில்லை. அக்காவும் வைக்கவில்லை.

அப்போதுதான் இடுப்புவரை சேறோடு, ஹெல்மெட்டைச் சட்டிபோல் ஏந்திக்கொண்டு நீங்கள் வந்து நின்றீர்கள்.

“மன்னிச்சுக்கம்மா. தண்ணி வடிஞ்சதும் மீனெல்லாம் குட்டையில மாட்டிக்கிச்சு. இதுல அள்ளி அள்ளி ஆத்துல விட்டேன். வில்லை பையில இருக்கறதே மறந்துபோச்சு.”

அக்கா உங்களைத் திட்டவில்லை. நீங்கள் வில்லையை மாட்டும்வரை பார்த்திருந்துவிட்டுப் போனை எடுத்தார். “வந்துடுச்சு அண்ணி. மீன் நாத்தத்தோட வந்துடுச்சு.”

மறுமுனையில் கேட்டது அழுகையா சிரிப்பா என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. சுவிட்சைப் போட்டதும் அதே போனில் கைதட்டல் கேட்டது, அது மட்டும் தெரியும். அதன்பின் ஒரு வாரம் அண்ணி உங்களோடு பேசவில்லையாம். நியாயம்தான் அண்ணே! ஆனால், பிழைக்க வழியில்லாத மீனைக் கண்டு கடந்துபோக முடியாதவர் என்பதால்தான், யார் வீட்டில் இருள் என்றாலும் உங்களால் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்பதையும் நாங்கள் அறிவோம்.

அந்த ஒரு நாளுக்குப் பின் வில்லையை மாட்டாமல் நீங்கள் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் நாங்கள் ஆணியைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். இன்றோடு அந்தப் பார்வைக்கும் ஓய்வு.

இனிக் காற்றடித்தால் அது வெறும் காற்று உங்களுக்கு. ஆறும் குன்றும் உங்களுடையவை. அண்ணியின் அலுப்பும், பெண்களின் கைதட்டலும் சூழ, நோயும் நோவும் அண்டாமல் நெடுங்காலம் நில்லுங்கள், கொக்குபோல, அசையாமல்!

“விளக்குக்காரங்க விழாவுல விளக்கைக் காணோமே” என்று சற்றுமுன் நீங்கள் முணுமுணுத்தது எங்கள் காதிலும் விழுந்தது. போட்டிருப்போம் அண்ணே. காலையில் இந்த மேடைக்கு வரும் லைனில் நீங்கள் ஏறிய கடைசிக் கம்பத்திலிருந்து நேரே இங்கே அழைத்து வந்துவிட்டோம். வில்லை இன்னும் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

மேடையின் ஓரத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறோம். மாட்டுங்கள். அண்ணி ஒருமுறை தன் கண்ணாலேயே பார்க்கட்டும். பிறகு சுவிட்சை அக்கா போடுவார்.

இப்படிக்கு,
ஆணியையே பார்த்திருந்த
மின் பிரிவு அலுவலகத்தார்