ஒரு முகத்துக்கு ஒரு லைசென்ஸ்

அந்தச் சேர் வேண்டாம் தம்பி, ஒரு காலு ஆட்டம். இதுல ஒக்காருங்க. தலைவரும் மத்த டைரக்டருங்களும் வர இன்னுங் கொஞ்ச நேரம் ஆகும். மேக்காட்டுல இன்னைக்குப் பூண்டு நடவு ஆரம்பிக்குறாங்க. சாமி கும்புட்டு மொதப் பல்லு ஊனிட்டுத்தான் வருவாங்க. வந்தா ஒடனே கையெழுத்துத்தான், மூணு வருசத்துக்குச் சேத்து. அதுக்குத்தான நீங்களும் கோயம்புத்தூருல இருந்து வெள்ளனே கெளம்பி வந்திருக்கீங்க?

நானா? நான் இந்தச் சங்கத்துல ஆப்பரேட்டர். பேருதான் ஆப்பரேட்டரு, அந்தக் கொட்டாயில பூண்டு தரம் பிரிச்சுக்கிட்டுக் கெடந்தவ. பாண்டிச்செல்வி. ஆமாங்க, உங்க கம்பெனி ரிக்கார்டுல இருக்குற அதே பாண்டிச்செல்விதான். என்ன அப்பிடிப் பாக்குறீங்க? போட்டோவுல வேற மாதிரி இருந்தனாக்கும்.

இருக்கட்டும். அவங்க வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க கொண்டாந்திருக்க வெலை இருக்கில்ல, அத ஏத்திச் சொல்ல முடியுமா?

வெளையாட்டு இல்ல தம்பி, நெசமாத்தான் கேக்குறேன். அந்தச் சின்னத் திட்டம் இருக்கே, ஒரே கம்ப்யூட்டர் பெட்டி, ஒரே ஆளு, சலுக வெலைன்னு. அது இனிமே கெடையாது, நிப்பாட்டியாச்சுன்னு சொல்லிருங்க. இருக்குறது பெரிய திட்டந்தான், ரெண்டு மடங்கு ஆகும்னு சொல்லுங்க. வாங்குற எடத்துல ஒக்காந்துக்கிட்டு வெலையக் கூட்டுன்னு சொல்றவள எங்கயாவது பாத்திருக்கீங்களா? சிரிப்பாத்தான் இருக்கும். சிரிச்சுக்கங்க.

மெயில்ல அனுப்பியாச்சா? யாருக்கு, டெனிசுக்கா? அவன் தெறந்திருக்க மாட்டான். கொடைக்கானல்ல நாலு எடத்துல கணக்கு எழுதுறவன், வாரத்துல ரெண்டு நாளு இங்க வருவான். எதையும் தெறக்காம எல்லாம் பாத்துட்டேன் பாத்துட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரிவான். அதப் பத்திக் கவலப்படாதீங்க.

இல்ல இல்ல, உங்க சாப்ட்வேரக் கொற சொல்லல. சொன்னா என் வாயி அழுகிப் போயிரும். எடைச்சீட்டு, சிட்டா, பேங்க் புத்தகம், எதை வச்சாலும் படிச்சு அதுவாக் கணக்குல ஏத்திருது. எங்க மணியண்ணன் எழுத்து இருக்கே, அவரு பொண்டாட்டியே அத எழுத்துன்னு ஒத்துக்கிற மாட்டா, இது படிக்குது. முந்தியெல்லாம் மூட்டையச் சந்தையில எறக்கி வச்சுட்டு அவன் சொன்ன வெலைக்குத் தலையாட்டிட்டு வருவோம். இப்ப பெரிய கம்பெனிக்காரன் வந்து வாங்குறான், வெளிநாட்டுக்கு அனுப்புறான். ஆனா யாரு காட்டுப் பூண்டு, என்னைக்கு எடுத்ததுன்னு இந்தப் பெட்டிக் கணக்கு இல்லாம ஒரு மூட்டையத் தொட மாட்டான். அதனால இத விடவும் முடியாது தம்பி. புலிவாலப் புடிச்ச கதைதான்.

அதான் சொல்றேன், வெலை கூடுனாலும் வாங்கத்தான் செய்வாங்க. மொணங்குவாங்க, ஒரு நாளு பூராக் கத்துவாங்க, அப்புறம் வாங்கிருவாங்க. கம்மி வெலைல ஒண்ணு கண்ணுக்கு முன்னாடி கெடக்குற வரைக்கும் எங்க ஆளுக பெருச ஏறெடுத்துப் பாக்க மாட்டாங்க. ஆனைய வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பாக்குற ஊரு இது.

உங்க ஆளுக மட்டும் லேசா? பெட்டி படிக்குற ஒரு பக்கத்துக்கு இவ்வளவுன்னு சொன்னாங்க, பக்கம்னா எதுன்னு சொல்லல. மொத மாசம் பில்லப் பாத்து தலைவருக்குத் தலை கிறுகிறுத்துப் போச்சு. ஏன்னா சீட்டோட வெத்துப் பின்பக்கமும் பக்கந்தானாம். அதுக்கு எங்க டைரக்டருங்க ஒரு கூட்டம் போட்டு ஒரு யோசன பண்ணாங்க பாருங்க, நாலு பேரு எடைச்சீட்டச் சோத்துப் பசை வச்சு ஒரே தாள்ல ஒட்டி உள்ள விட்டாங்க. அது படிச்சுட்டு நாலு பேரு பூண்டையும் மணியண்ணன் பேருல ஏத்திருச்சு. மனுசன் அக்கவுண்டுல வந்து விழுந்தத எண்ணிப் பாத்துட்டு, முருகன் கண்ணத் தொறந்துட்டான்னு டீக்கடையில இருந்த அத்தன பேருக்கும் பஜ்ஜி வாங்கிக் குடுத்துட்டாரு. அப்புறம் அவருகிட்ட இருந்து அதத் திருப்பி வாங்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆச்சு. அந்தத் தப்பச் சரிபண்ண உங்க ஆளு போன்ல பேசுனதுக்குத் தனி பில்லு வேற. சுண்டக்கா காப்பணம், சொமகூலி முக்காப்பணம்னு சும்மாவா சொன்னாங்க.

ஆமா, விசயத்துக்கு வர்றேன். நீங்க கேக்குறது சரிதான், இதுல எனக்கு என்னன்னு.

அந்தச் சின்னத் திட்டத்துல ஒரு மொகந்தான தம்பி பதியலாம்? அந்த மொகம் என்னோடது. காலையில பெட்டியத் தெறந்தா நான் வந்து கேமரா முன்னாடி நிக்கணும். நடுவுல செத்த நேரம் அது சும்மா கெடந்தாலும் மறுபடியும் என்னையக் கேக்கும். கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போயிருப்பேன், செல்வீ செல்வீன்னு ஆளு ஓடியாரும். கையக் கழுவாம வந்து நிப்பேன். என் போட்டோவப் பெருசா எடுத்துக் காட்டிப் பாத்தாங்க, அது ஏமாறல. என் கூடப்பொறந்தவ என்னையவே உரிச்சு வச்ச மாதிரி இருப்பா, அவளக் கூட்டியாந்து நிறுத்திப் பாத்தாங்க. யாரோன்னு சொல்லிருச்சு. கட்டிப்போட்ட மாடாவது கயித்து நீளத்துக்கு மேஞ்சுட்டு வரும்.

பேரு மாத்தலாம்னு டெனிசு அன்னைக்கே கேட்டான். மாத்துறதுன்னா புது லைசென்ஸ் எடுக்கணும்னு உங்க ஆபீசுல சொல்லிட்டாங்க. ரெண்டாவது ஆளச் சேத்தாலும் இன்னொரு லைசென்ஸ். கூட்டத்துல வச்சாங்க. எதுக்குத் தெண்டம், செல்விதான் இருக்காளே, அவ எங்க போகப் போறான்னு சொல்லிட்டாங்க. வருசா வருசம் அதேதான். செல்விதான் இருக்காளே. இப்ப மூணு வருசத்துக்குச் சேத்து எழுதப் போறாங்க.

எம் மொகத்த ஏன் பதிஞ்சாங்கன்னா, அதக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. இந்த ஊருல வருசா வருசம் நடவுல மொதப் பல்லு ஊனுறது நாந்தான். செல்வி கை பட்டா வெள்ளாம பொய்க்காதுன்னு ஒரு பேச்சு. வீடு பால் காச்சணுமா, புது ஜீப்புக்கு எலுமிச்சங்கா வைக்கணுமா, எல்லாத்துக்கும் என்னையத்தான் கூப்பிடுவாங்க. இந்தப் பெட்டி வந்த அன்னைக்கும் சூடங் கொளுத்தி, சந்தனம் வச்சு, கைராசிக்காரி தொட்டுத் தொடங்கட்டும்னு என்னையக் கூட்டியாந்தாங்க. மாட்ட வந்த உங்க பையன், யூசரு மொகத்தக் காட்டுங்கன்னான். யூசருன்னா யாருக்குத் தெரியும்? தெறப்பு விழாவுக்குப் போட்டோ எடுக்குறான்னு நெனச்சு, செல்வி மொகம் வரட்டும் ராசியான மொகம்னு புடிச்சு முன்னாடி தள்ளிவிட்டாங்க. நானும் தலையில பூவச் சரிபண்ணிக்கிட்டு, பொண்ணு பாக்க வந்தப்ப நின்ன மாதிரி நின்னேன். டெனிசு அன்னைக்கு இங்க வரல. வந்திருந்தா அவன் மொகம் மாட்டியிருக்கும்.

விட்டுட்டுப் போறதா? ஏன் தம்பி, அத நான் நெனைக்காம இருப்பனா? யாரும் கைய காலக் கட்டி வைக்கல. சம்பளம் சரியாக் குடுக்குறாங்க, குத்தஞ்சொல்லக் கூடாது. ஆனா பூண்டு எடுத்துப் புகை போட்டு விக்க வச்சிருக்குற நேரத்துல நான் மலைய விட்டு எறங்கிட்டா ஊரு பூரா காசு நின்னுரும். எல்லாம் மாமன் மச்சான், சித்தப்பன் பெரியப்பன். தலைவரு நல்லசாமியே எனக்குச் சித்தப்பா மொற. என்னால எங்க ஆளுக அடுப்பு எரியலன்னா நான் எந்த ஊருல போயி நிம்மதியாத் திங்குறது? பெரிய திட்டம் வந்துட்டா டெனிசு மொகத்தையும் பதியலாம், தலைவரு மொகத்தையும் பதியலாம். நான் மறுநாளே பஸ் ஏறிருவேன்.

எங்கயா? அய்யம்பாளையத்துக்கு. மகள அங்கதான் குடுத்திருக்கு. மணிமேகலை. இப்ப மாசம் நெருங்கிருச்சு. தலப்பிரசவம், மொறப்படி தாய்வீட்டுக்கு வரணும். வரல. மலைப்பாத வளைவு அவ ஒடம்புக்கு ஆகாதுன்னு டாக்டரு சொன்னதா ஊருக்குள்ள சொல்லி வச்சிருக்கேன்.

நடவுக்கு நான் போகலயான்னா கேக்குறீங்க? கூப்பிடல தம்பி. இப்பல்லாம் கூப்பிடுறதில்ல. போன வருசம் பங்குனியில எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஜீப்புல ஏத்துனோம், பெருமாள்மலையத் தாண்டல. வாயத் தொறந்து யாரும் நீ வராதேன்னு சொல்லல. நானாத்தான் ஒதுங்கிக்கிட்டேன். ஒரு காரியமாப் போறவங்க எதுக்க நான் வந்துட்டா, நின்னு தண்ணி குடிச்சிட்டுப் போறாங்க. நான் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டுத்தான் குடிக்குறாங்க. ஆனா இங்க மட்டும் விடிஞ்சதும் மொதல்ல என் மொகந்தான் வேணும். இத நெனச்சு எனக்கே சில நாளு கோவமா வரும். யாரு மேல கோவப்படுறதுன்னு தெரியாது.

அட, நீங்க ஏன் கண் கலங்குறீங்க? வயசுப் புள்ள. விடுங்க.

இல்ல, சித்தப்பாவக் கெட்டவருன்னு சொல்லிராதீங்க. அவரும் என்ன செய்வாரு? அன்னைக்கு எங்க வீட்டுக்காரர ஐஸ் பெட்டியில வச்சு ஊரு பூரா கூடிக் கெடக்கு. வெளிய லாரி நிக்குது, அந்த வருசப் பூண்டு மொத்தமும் அதுல. பெட்டிக் கணக்குப் போகாம டிரைவரு எடுக்க மாட்டேங்குறான், மழை வேற இருட்டிக்கிட்டு வருது. நனைஞ்சா போச்சு. சித்தப்பா அழுதுகிட்டேதான் வந்தாரு, அந்தக் கம்ப்யூட்டரத் துண்டப் போட்டு மூடி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. பின்னாடியே டெனிசு. ஒரு நிமிசந்தாம்மான்னு சொல்லி, எங்க வீட்டுக்காரரு தலமாட்டுல ஒரு பூண்டுக் கூடையக் கவுத்தி அதுமேல வச்சாங்க. மாரடிச்சுக்கிட்டு இருந்த பொம்பளைக சத்தம் அப்பிடியே நின்னுபோச்சு.

காட்டுனேன். ஏத்துக்கல. அழுது வீங்கிப்போன மொகம், வேற ஆளுன்னு சொல்லுது. யாரோ செம்புல தண்ணி கொண்டாந்தாங்க, கழுவிட்டுக் காட்டுனேன். அப்பதான் அது கேட்டுச்சு. மொகத்துக்கு அப்புறம் அது ஒண்ணு கேக்குமில்ல தம்பி, நெசமாவே உசுரோட இருக்குற ஆளான்னு பாக்குறதுக்கு. ஒரு நாளு கண்ணச் சிமிட்டச் சொல்லும், ஒரு நாளு தலையத் திருப்பச் சொல்லும். அன்னைக்குன்னு பாத்து அது சிரிக்கச் சொல்லுச்சு.

டெனிசு அத வாயால சொல்ல முடியாம நிக்குறான். நான் எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டேன். சிரிச்சேன். பத்தலன்னுச்சு. இன்னுங் கொஞ்சம்னுச்சு. பல்லுத் தெரியச் சிரிச்சேன், அப்புறந்தான் பச்ச விழுந்துச்சு. லாரி கெளம்பிப் போச்சு, ஊருக்குக் காசு வந்துருச்சு, ஒரு சேதாரமும் இல்ல.

அய்யம்பாளையத்துல இருந்து அப்பதான் வந்து எறங்கி, வாசல்ல நின்னா மணிமேகலை. அப்பன் பொணத்துப் பக்கத்துல ஆத்தாக்காரி பல்லக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்குறதத்தான் அவ மொதல்ல பாத்தா. வெவரத்த நான் சொன்னேன், டெனிசும் சொன்னான். அவளுக்குப் புரியாம இல்ல. புரிஞ்சா மட்டும் கண்ணுல இருந்து போயிருமா? பதினாறாம் நாளு காரியம் முடிச்சுக்கிட்டு எறங்குனவ இந்த மலை ஏறல, நான் கூப்பிட்டா போனும் எடுக்குறதில்ல. போன வாரந்தான் அவளாக் கூப்பிட்டா. வர்றியாம்மான்னு கேட்டா. வேற ஒண்ணும் பேசல, வச்சுட்டா.

ஜீப்புச் சத்தம் கேக்குது, வந்துட்டாங்க. நான் போயிக் கதவத் தெறக்குறேன், நீங்க வெலையச் சொல்லுங்க.