முதல் மழைக்கு மோசுலுக்கு யார் போவது?

மேடையில் வீற்றிருக்கும் தொழிற்சாலை நிர்வாகி ஹிக்மெத் ஐயா அவர்களே, என் சித்தப்பாவோடு உழைத்தவர்களே, இந்த மழையிலும் வந்திருக்கும் திராப்சோன் மக்களே, உங்கள் அனைவருக்கும் என் சலாம்.

கூரை ஒழுகாமல் இருக்க மேலே ஒட்டும் நம் தார் ஷீட்டுகளை ஈராக்கின் மோசுல் நகரில் விற்றுவந்த என் சித்தப்பா செலாமி கராஜா ஒன்பது நாட்களுக்கு முன் மாரடைப்பால் இறந்தார். பள்ளியில் அரபு படிப்பதால் அங்கே அவர் அனுப்பும் கடிதங்களை நான்தான் எழுதிக் கொடுப்பேன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

மோசுலில் முதல் வருடம் நம் ஷீட் ஏன் விற்கவில்லை? "பத்து வருடம் கூரைப் பக்கமே போக வேண்டாம்" என்று விளம்பரம் செய்தோம். ஓயாமல் மழை பெய்யும் நம் ஊரில், ஓட்டுச் சரிவின் மேல் யார் ஏறப் போகிறார்கள்? ஆனால் அங்கே?

அங்குள்ள வியாபாரி அபூ சுஹைர் தொலைபேசியில் சிரித்தார். "செலாமி, கோடை முழுக்க நாங்க படுக்கிறதே மொட்டை மாடியிலதான்யா. உன் கறுப்பு ஷீட்டுல கால வெச்சா ரொட்டி மாதிரி வெந்துடுவோம். நீ வந்து ஒரு நாள் படுத்துப் பாரேன்."

சித்தப்பா போனார். ஜூலை மாதத்தில் மூன்று நாட்கள் அந்த மாடியிலேயே தங்கினார். கொப்புளம் வெடித்த பாதங்களோடு திரும்பி, இதே ஹிக்மெத் ஐயாவிடம் வெயிலில் சுடாதபடி வெள்ளைக்கல் பொடி பதித்த ஷீட் கேட்டார். செய்து கொடுத்தீர்கள் ஐயா. அதற்கு நன்றி.

அதன்பிறகு அவர் விற்றது ஷீட்டை மட்டுமா? "முதல் மழைக்கு நான் வந்து உங்க மாடிக்குக் கீழே நிற்பேன்" என்ற வாக்கையும் சேர்த்தே விற்றார். ஆறு வருடம் போனார். வீடு வீடாக நின்று மேலே அண்ணாந்து பார்த்தார். ஒழுகிய இடங்களில் திட்டும் வாங்கினார், சரியும் செய்தார்.

இன்னும் ஐந்து வாரத்தில் அங்கே மழை. இந்த வருடம் உத்தரவாதப் பத்திரத்தைத் தபாலில் அனுப்பினால் போதும் என்று அலுவலகம் முடிவு செய்திருக்கிறது. நேற்று அபூ சுஹைர் தொலைபேசியில் என்னிடம் அழுதுகொண்டே சொன்னார்: "பேப்பர் வேணாம்மா. யாராவது ஒரு ஆள் வரட்டும்."

யார் போவது?

என் அப்பா போகிறார். தேநீர்க்கடை வைத்திருப்பவர், கூரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. "ஒழுகுதா இல்லையான்னு பார்க்கக் கண்ணு இருக்குல்ல?" என்கிறார். அங்கே அவர்களோடு பேச நானும் உடன் போவேன். இது தம்பிக்கு அண்ணனும், சித்தப்பாவுக்கு அண்ணன் மகளும் தரும் உறுதிமொழி.

ஹிக்மெத் ஐயா, ஒழுகினால் சரிசெய்யத் தெரிந்த ஒருவரை எங்களோடு அனுப்புங்கள்.