இருபத்தொரு மில்லிமீட்டர்

ஒரு மனுஷி நடப்பதற்கு என் கடையில் எழுநூறு ரூபாய். ரசீது உண்டு, பேரம் பேசினால் ஐம்பது குறைப்பேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பிசியோதெரபி நிலையம் வைத்திருக்கிறேன் மேடம், உங்கள் ஸ்டேஷன் ஏட்டம்மாகூட முட்டிவலிக்கு வந்துபோகிறவர்தான். அங்கே இருக்கும் ஸ்கேன் கருவி தசையை மட்டும் பார்ப்பது. தொடையில் பசையைத் தடவி, கருவியை வைத்து, முட்டியை நீட்டி இறுக்கச் சொன்னால், தசை எவ்வளவு தடிக்கிறது என்று திரையில் தெரியும். தடித்தால் வேலை செய்கிறது. தடிக்காவிட்டால் இல்லை. எழுநூறு இதை அளந்து சொல்வதற்கு.

இதில் ஒரே ஒரு சங்கதி. கருவியைத் தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். அழுத்தினால் தசை நசுங்கி அளவு குறையும்.

எனக்கு இது புதிதல்ல. பொதட்டூர்பேட்டையில் எங்கள் நைனாவுக்கு லுங்கி வியாபாரம். தறிக்காரரிடம் வாங்கும்போது துணியைத் தளரவிட்டு அளப்பார். விற்கும்போது இழுத்துப் பிடித்து அளப்பார். முழக்கோல் ஒன்றுதான், அதில் குறை சொல்ல யாராலும் முடியாது.

என் மனைவி அனுராதா உடற்பயிற்சி ஆசிரியை. வேகமாக நடப்பாள். கிருத்திகைக்கு மலை ஏறினால், நான் பாதிப் படியில் மூச்சு வாங்கும்போது அவள் சாமி பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருப்பாள். போன மார்ச்சில் கோயம்புத்தூர் விளையாட்டு விடுதியில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஜூன் பத்தாம் தேதி சேர வேண்டும். போகாதே என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. பெட்டிகூட நானே வாங்கித் தந்தேன், சக்கரம் வைத்தது.

அந்த மார்ச்சிலேயே கே.ஜி.கண்டிகையில் மினி லாரி ஒன்று அவள் வண்டியை இடித்தது. முட்டி போயிற்று. தொடைத் தசை தேறியதும் ஊன்றுகோலை விடலாம், அதுவரை காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். அளந்து சொல்ல வேண்டியவன் நான். வீட்டு ஆள் என்பதால் கட்டணம் வாங்கவில்லை.

வியாழக்கிழமைதோறும் அளந்தேன். நல்ல கால் இருபத்திரண்டு மில்லிமீட்டர். ஆறாவது வாரம் அடிபட்ட கால் இருபத்தொன்று காட்டியது. அருமையாகத் தேறியிருந்தாள். அவள் திரையைப் பார்க்கத் திரும்புவதற்குள் கொஞ்சம் அழுத்தினேன். பதினாறு.

"இன்னாங்க, இவ்ளோதானா?"

"அவசரப்படாத. கால ஊனாம இரு."

ஜூன் பத்து போயிற்று. வர இயலவில்லை என்று விடுதிக்கு அவள் பெயரில் கடிதம் எழுதித் தந்தேன். கையெழுத்து மட்டும் அவள் போட்டாள். பெட்டியில் போர்வைகளை வைத்தோம். மாலையில் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போவேன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இருவரும் சேர்ந்து நடந்தது அப்போதுதான்.

ஆறாவது மாதம், அவள் அசந்து தூங்கும்போது, தசையைத் தட்டி இறுக்கவைக்கும் மின்கருவியைப் போட்டுவிட்டு, அழுத்தாமல் அளந்து பார்த்தேன். பதினான்கு. முந்தின மாதம் அழுத்தி அளந்து நோட்டில் நான் எழுதியிருந்ததும் பதினான்குதான். ஊன்றாத கால் உண்மையாகவே இளைத்துவிட்டது. முதலில் சங்கடமாக இருந்தது. பிறகு நிம்மதி. இனிமேல் நான் பொய் சொல்லவில்லை அல்லவா?

அடுத்த வியாழன் அவளோடு அவள் தம்பி கஜபதியும் வந்தான். அம்மையார்குப்பத்தில் துணிக்கடை. அழுத்தவே தேவையில்லாத நாளில், பழக்கதோஷம், என் கை அழுத்தியது. பதினொன்று.

கஜபதி திரையைப் பார்க்கவில்லை, என் மணிக்கட்டைப் பார்த்தான். "இன்னா பாவா, துணிய இழுத்து அளக்கிற மாறி இருக்குது?"

"சும்மா இருடா."

"நானும் கடையில இதத்தான் செஞ்சிகினு இருக்கேன். கைய லூசா வுடு."

விட்டேன். பதினான்கு. கருவியை எடுத்ததும் அவள் தொடையில் வட்டமாக ஒரு பள்ளம். அனுராதா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எப்லேர்ந்து?"

"ஆறாவது வாரத்துலேர்ந்து."

"அப்ப எவ்ளோ இருந்துது?"

"இருபத்தொண்ணு."

பெட்டியிலிருந்து போர்வைகளைக் கொட்டிவிட்டு, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள். மெதுவாகத்தான் போனாள். என்னால்கூடப் பின்தொடர முடிகிற வேகம்.

எல்லாம் நான்தான் செய்தேன் மேடம், மறுக்கவில்லை. ஆனால் கஜபதி புகாரில் எட்டு மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறான். அது நியாயமில்லை. நல்ல கால் இருபத்திரண்டு, இந்தக் கால் பதினான்கு, வித்தியாசம் எட்டு. அதில் ஒன்று லாரிக்காரன் எடுத்தது. என் பேரில் பாக்கி ஏழுதான். அப்படித் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். வியாழக்கிழமைதோறும் அவளை வரச் சொல்லுங்கள். அழுத்தாமல் அளந்து தருகிறேன். எழுநூறு வேண்டாம்.