கேட்காத விளையாட்டு

முட்டையை அவித்த சூட்டோடு பச்சைத் தண்ணீரில் போடாவிட்டால் உரிக்கும்போது ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வரும். எங்கள் அங்கன்வாடியில் சமைக்கும் பாலம்மாள் அக்காவுக்கு இது தெரியாது. நான் சொன்னதும் இல்லை. எனக்கு யாரிடமும் எதையும் சொல்லிப் பழக்கமில்லை. நீங்கள் தண்ணீர் கொடுத்து, மின்விசிறியையும் போட்டுவிட்டு, பேசச் சொல்கிறீர்கள், மேடம். பேசுகிறேன்.

கோவில்பட்டியில் விலங்கியல் படித்தேன். இடைசெவலில் பஸ்ஸை விட்டு இறங்கி, பருத்திக்காடு வழியாக உள்ளே நடக்கும் ஊரில் வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்கு முன்னால் எனக்குக் கூச்சம் வராது என்று நினைத்துத்தான் போனேன். வரவும் இல்லை.

பயிற்சியில் எத்தனையோ சொன்னார்கள். ஒன்று மட்டும் மனதில் நின்றது. பிள்ளை ஒரு சொல் சொன்னால் நாம் குனிந்து, அதன் கண்ணைப் பார்த்து, கூட ஒரு சொல் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். அது ‘ஆடு’ என்றால் நாம் ‘ஆமா, செவலை ஆடு’. அடுத்த தடவை அது ‘செவலை ஆடு ஓடுது’ என்று வரும். பேச்சு இப்படித்தான் வளர்கிறது. செய்து பார்த்தேன். செண்பகாவிடம் எல்லோரையும்விட வேகமாக வளர்ந்தது.

அவளுக்கு நான்கு வயது. அப்பா யோகராஜ் ஆட்டுக்கிடையோடு போனால் ஊர் திரும்ப மாதக்கணக்காகும். அம்மா செல்வமாரி காலையில் வேனில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் இருட்டியபின் வருவாள். அந்தப் பிள்ளைக்குப் பேச்சைக் கொடுத்தது நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்து ஒரு காலையில், வேன் நிற்கும் இடத்தில் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் உடைமரத்துக்கு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தேன்.

“ஏட்டி, ஒங்க டீச்சர் எப்படிப் பேசுவா? காட்டு பாப்போம்” என்றாள் செல்வமாரி.

செண்பகா முகவாயை நெஞ்சில் ஒட்டவைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்தாள். சத்தம் வரவில்லை. மிகச் சரியாகச் செய்தாள்.

“வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா வச்சிருக்கா?” என்றாள் ஒருத்தி.

“பொண்ணு பாக்க வந்தவன் பேரு கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவா. அவன் செவிட்டுப்பயன்னு தன்னத்தானே நெனச்சுட்டுப் போயிருவான்.”

வேன் முழுக்கச் சிரித்தது. செல்வமாரி பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு வண்டி ஏறினாள். நான் மரத்தடியிலேயே நின்று, வேன் போன பிறகு நடந்தேன்.

செண்பகா மையத்துக்குள் ஓடிவந்தாள். “டீச்சர், நான் ஒங்கள மாரி பேசிக் காட்டுனேன். எல்லாரும் சிரிச்சாவ. எங்கம்ம முத்தம் தந்தா.”

நான் குனிந்து, ‘அப்படியா, யாரெல்லாம் சிரிச்சாவ?’ என்று கேட்டிருக்க வேண்டும். சன்னலைப் பார்த்தேன். சேலையைப் பிடித்து இழுத்து மறுபடி சொன்னாள். சன்னலைப் பார்த்தேன். அன்று நான் செய்தது அவ்வளவுதான்.

மறுநாளும் அப்படியே. அவள் பேசினால் என் முகம் அந்தப் பக்கம் போகும். பேசாமல் இருந்தால் சிரிப்பேன், தலையைத் தடவுவேன், உரித்த முட்டையில் பிய்யாத முட்டையைத் தேடி அவள் தட்டில் வைப்பேன். கையை ஓங்கியதில்லை. அதட்டியதில்லை. நீங்கள் எந்தப் பிள்ளையை வேண்டுமானாலும் கேட்கலாம்.

மற்றப் பிள்ளைகள் அவளுக்குப் பதில் சொல்லிக் கெடுத்தார்கள். அதனால் ஒரு விளையாட்டு சொல்லிக் கொடுத்தேன். செண்பகா பேசினால் யாருக்கும் காது கேட்காது. கேட்காதவர்களுக்குக் கடலைமிட்டாய். பிள்ளைகள் விளையாட்டை ஒழுங்காக விளையாடுவார்கள். பெரியவர்களைப்போல் பாதியில் இரக்கப்பட மாட்டார்கள். முதலில் அவளும் சிரித்தாள். தன் முறை எப்போது வரும் என்று கேட்டாள். யாருக்கும் கேட்கவில்லை.

பாலம்மாள் அக்கா ஒருநாள் கரண்டியும் கையுமாக வந்து நின்றார். “ஏன் டீச்சர், அந்தப் பிள்ளைக்கு மட்டும் மொகங்குடுக்க மாட்டேங்கீங்க? நெஞ்சு பொறுக்கல, பாத்துக்கிடுங்க.”

“அவ ரொம்பப் பேசுதாக்கா. மத்தப் பிள்ளைகளும் பேசணும்லா.”

“படிச்சவிய சொல்லுதீங்க” என்று அடுப்படிக்குப் போனார். அவருக்குப் பொறுக்காத நெஞ்சு அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. இன்று ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து என்னைச் சபித்துக்கொண்டிருக்கிறார்.

மாசி கடைசியில் செண்பகா முழுப் பேச்சு பேசுவதில்லை. பங்குனியில் வேண்டியதைக் கையால் காட்டினாள். பிறகு கையும் இறங்கிவிட்டது.

செல்வமாரி ஒருநாள் வேலைக்குப் போகாமல் வந்தாள். தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டாள். “டீச்சர், இவ வீட்ல வாயே தொறக்க மாட்டேங்கா. கயிறு மந்திரிச்சுக் கெட்டியாச்சு. இங்கன பேசுதாளா?”

“இங்கன நல்லாப் பேசுதாளே” என்றேன்.

அவள் முகம் முதலில் தெளிந்தது, அப்புறம் சுருங்கியது. எனக்கு ஏனோ அந்த இரண்டையும் பார்க்கப் பிடித்திருந்தது.

“அப்போ எங்கிட்டதான் வீம்பாட்டி ஒனக்கு?” என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் செண்பகாவின் கெண்டைக்காலில் விளக்குமாற்றுத் தடம் இருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அடித்தது பெற்றவள். எண்ணெய் தடவியவள் நான். வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

இனி சித்திரை.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பேச்சு உண்மையிலேயே நின்றுவிட்டதா, எங்கள் முன்னால் மட்டும் அடக்கி வைத்திருக்கிறாளா? பேசியே தீர வேண்டிய நிலைமையில் வைத்துப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. அறிவியல் படித்தவர்களுக்கு இது புரியும்.

சத்துமாவு மூட்டை வைக்கும் அறைக்குத் தகரக் கூரை. வெளியில் வெயிலுக்குக் கரிசல் மண் வெடித்துக் கிடந்தது. சாப்பிட்டுப் பிள்ளைகள் தூங்கினார்கள். பாலம்மாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். பந்து உள்ளே கிடக்கிறது என்று செண்பகாவிடம் சொன்னேன். அவளிடம் நான் வெகுநாள் கழித்துப் பேசிய வார்த்தை அது. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓடினாள்.

கதவு சாத்திய பிறகு உள்ளே கொஞ்சம் நடமாட்டம் இருந்தது. கதவை உள்ளங்கையால் தட்டினாள். பிறகு மூட்டையில் ஏறுகிற சத்தம். பிறகு அதுவும் இல்லை. குரல் வரவே இல்லை. முடிவு தெரிந்துவிட்டது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று தோன்றியது.

பாலம்மாள் அக்கா திரும்பி வந்து, செண்பகாவின் வெறும் பாயைப் பார்த்துக் கத்தினார். ஊர் கூடிவிட்டது. அறைக் கதவு வெளியே தாழிட்டிருந்ததால் அங்கே பிள்ளை இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஓடையில் தேடினார்கள், கிணற்றடியில் தேடினார்கள். குருசாமி என்பவர் பைக்கில் போய்ச் செல்வமாரியைத் தீப்பெட்டி ஆபீசிலிருந்து கூட்டிவந்தார். அவள் காட்டுக்குள் விழுந்து எழுந்து “ஏட்டி செண்பகா, ஒரு சத்தங்குடுட்டி” என்று கூப்பிட்டாள். நானும் கூட ஓடிக் கூப்பிட்டேன். எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

கிணற்றில் ஆள் இறக்குவதற்குக் கயிறு எடுக்கத்தான் பாலம்மாள் அக்கா அந்த அறையைத் திறந்தார். பிள்ளை மூட்டைமேல் கிடந்தாள். வாய் திறந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். கண் விழித்துவிட்டாளாம். அம்மாவைப் பார்த்தும் பேசவில்லையாம். என் கணக்கு சரிதான்.

காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டு, தாழ் தானாக விழுந்திருக்குமோ என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். என்னைப் பார்த்தால் அப்படிக் கேட்கத் தோன்றும்தான். காற்று இல்லை. தாழ்ப்பாளைப் போட்டது நான். பாலம்மாள் அக்கா வரும்வரை கதவோரமாகவே உட்கார்ந்திருந்தேன், தாழ்ப்பாள் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. நான் கல்நெஞ்சுக்காரி இல்லை, மேடம். ‘டீச்சர்’ என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் அந்த நிமிஷமே திறந்திருப்பேன்.