பூக்காத மெல்பர்ன் மரம்

தேத்தண்ணியில் சீனி போதாவிட்டால் சொல்லுங்கள், நதா மகள். உங்கள் வாப்பாவுக்கு ஊற்றிப் பழகிய கை இது. அவருக்குச் சீனி கூடாது என்று நான்தான் குறைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் முற்றத்து மரத்தில் ஏன் முள் இல்லை என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தப் பல்லேபொலையில் வேறு யாரும் அதை உங்கள் வாப்பாவிடம் கேட்டதில்லை. கேட்க வந்தவர்களையும் நான் வேலியோரமே மறித்து, வேறு பேச்சில் இறக்கி அனுப்பிவிட்டேன். நீங்கள் மெல்பர்னிலிருந்து வந்திருக்கிறீர்கள். அந்த மரத்தை அங்கே பார்த்து வளர்ந்த பிள்ளை, உங்களை மறிக்க முடியாது. ஆகவே உள்ளதைச் சொல்கிறேன்.

உங்கள் உம்மா, றிஸ்னா மதினி, உங்கள் தெருவில் ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் அந்த லோகஸ்ட் என்ற முள்மரத்தில் உயிரையே வைத்திருந்தாராமே. பல்லேபொலை வீட்டுக்குத் திரும்பிப் போய் அதை முற்றத்தில் நட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே மௌத்தாகிவிட்டார். உங்கள் வாப்பா ஸமத் நானா விதையைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்து இங்கே நட்டார். முளைத்ததும் என்னைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் சந்தோஷம்தான். என் வீட்டுக்காரர் போன பிறகு பக்கத்து வளவிலிருந்து யாரும் என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை.

செடி இடுப்பளவு வந்தபோது ஒருநாள் சொன்னார். "இது பூத்திச்செண்டா மகளுக்குப் போட்டோ அனுப்பிட்டு, வீட்டப் பூட்டிட்டு அவகிட்டயே போயிடுவேன் தங்கச்சி. றிஸ்னாவுக்குக் குடுத்த வாக்கு அவ்வளவுதான்."

"நல்லது நானா, போய்ட்டு வாங்க" என்றேன். வேறென்ன சொல்வது.

அன்றைக்கு நான் மரவள்ளிக் கிழங்கு அவித்திருந்தேன். அவித்த தண்ணீரை எங்காவது ஊற்றத்தானே வேண்டும். வேலி ஓரத்தில் அந்தச் செடிதான் கைக்கு எட்டியது. கொதி இன்னும் அடங்கியிருக்கவில்லை. அடுத்த நாள் நான் கிழங்கு அவிக்கவில்லை. தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்தேன்.

செடி வாடியதும் அவர் அதன் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் வட்டிலப்பம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொடவில்லை. "இதும் பட்டுப்போச்செண்டா எனக்கு இங்க என்ன வேல? அடுத்த மாசமே டிக்கெட்டப் போடச் சொல்றேன்" என்றார். அப்போதுதான் என் புத்தி எவ்வளவு கட்டை என்று விளங்கியது. பூத்தாலும் போவார், பட்டாலும் போவார். உயிரோடிருந்து பூக்காத மரம் ஒன்றுதான் அவருக்குச் சரி.

அப்படி ஒரு மரம் எங்களூரில் எல்லா வேலியிலும் நிற்கிறது. கிளிரிசிடியா. கொப்பை ஒடித்துக் குத்தினாலே பிடித்துக்கொள்ளும், மிளகுக் கொடி படர அதைத்தான் நடுகிறோம். இலை பார்வைக்கு உங்கள் லோகஸ்ட் இலை மாதிரியே வரிசையாக இருக்கும், நுனி மட்டும் கூராக இருக்கும். ஜும்ஆவுக்கு அவர் பள்ளிக்குப் போன நேரம், மதினியின் செடியைப் பிடுங்கிவிட்டு அதே உயரத்தில் வேர்விட்ட கிளிரிசிடியா ஒன்றை அந்தக் குழியில் வைத்தேன். நகம் வெட்டும் கத்தரியால் இலை நுனிகளையெல்லாம் வட்டமாக நறுக்கிவிட்டேன். இரண்டு மூன்று இலை கொஞ்சம் கோணல். பிடுங்கிய செடியை அடுப்பில் வைத்தேன். சோற்றில் கொஞ்சம் புகை வாடை. உங்கள் வாப்பாவும் அதைத்தான் சாப்பிட்டார், நல்லா இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார்.

மரம் தழைத்தது, அவரும் தழைத்தார். முள் வரவில்லையே என்று ஒருமுறை கேட்டார். "நம்மட மண்ணு இளகின மண்ணு நானா, அதுல முள்ளு வராது" என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

கிளிரிசிடியாவும் பூக்கும் மகள். விட்டால் பெப்ரவரியில் இலையெல்லாம் கொட்டி, ரோஸாகப் பூத்துத் தள்ளும். எங்கள் தோட்டங்களில் அதைப் பூக்க விடுவதில்லை. மிளகுக்கு வெளிச்சம் வேண்டுமென்று முன்னாலேயே கொப்பை வெட்டி, இலையை ஆட்டுக்கும் எருவுக்கும் போட்டுவிடுவோம். "வருஷா வருஷம் கொப்பு வெட்டினாத்தான் மரம் சீக்கிரம் பூக்கும்" என்று நானாவிடம் சொல்லி வைத்தேன். வெட்ட வரும் லாபிர் மரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஏறினான். வாயைத் திறந்தால் என் வீட்டில் இனிச் சோறு கிடையாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. ஒரு வருடம் பழக்கதோஷத்தில் மிளகுக் கொடி ஒன்றையும் அதில் ஏற்றிக் கட்டிவிட்டுப் போய்விட்டான். மெல்பர்ன் மரத்தில் மாத்தளை மிளகு என்று வாப்பா உங்களுக்குப் போட்டோ அனுப்பினாரே, அது இதுதான்.

ஒவ்வொரு வருடமும் நீங்கள் போனில் கேட்பீர்கள், பூத்ததா வாப்பா என்று. இல்லை மகள், அடுத்த வருஷம் பார்ப்போம் என்பார். நான் பக்கத்தில் மிளகு உதிர்த்துக்கொண்டு இருப்பேன்.

இதில் எனக்கென்று நான் ஒன்றும் செய்துகொள்ளவில்லை. மெல்பர்ன் குளிர் அவர் நெஞ்சுக்கு ஆகாது. பகல் சோற்றை என் வீட்டில் சாப்பிடுகிறார் என்றால், தனியாளுக்காக அடுப்பு மூட்டுவது வீண்தானே. மதினியின் மரத்தை நான்தான் கொன்றேன், இல்லையென்று சொல்லமாட்டேன். அதற்காக மதினிக்குத் துஆக் கேட்காத நாளில்லை.

அஸர் தொழுதுவிட்டு அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லி, கையோடு கூட்டிக்கொண்டு போவேன் என்கிறீர்கள். உங்கள் வாப்பா, உங்கள் உரிமை. ஆனால் அவர் சூதுவாது தெரியாத மனிதர் மகள், தாங்கமாட்டார். போன வருடம் நடந்ததைக் கேளுங்கள். கொப்பு வெட்டும் காலத்தில் எனக்கு டெங்கு, மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். லாபிரும் ஊரில் இல்லை. ஊசி குத்தும்போதுகூட எனக்கு மரத்தின் நினைப்புத்தான். இந்த முறை பூத்திருக்கும், நான் வீட்டுக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் பூட்டுத்தான் தொங்கும் என்று அழுதேன், உண்மையாகவே அழுதேன். வந்து பார்த்தால் மரம் மொட்டையாக நிற்கிறது. நானா முற்றத்தில் நின்று, முழங்கையில் சிராய்ப்போடு சிரிக்கிறார்.

"நீங்க செல்லித் தந்த மாதிரியே நானே ஏறி வெட்டிட்டேன் தங்கச்சி. அங்கயும் இங்கயும் மொட்டு வந்திருந்திச்சி. பார்த்துப் பார்த்து அதையும் வெட்டிட்டேன்" என்றார்.

பாவம் மனிதர். மொட்டு வந்தால் அடுத்தது பூதான் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.