முப்பத்தொரு பற்கள்

உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் நல்ல மனிதர், மேடம். கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் நான் விளக்கமாகச் சொன்னதையெல்லாம் ‘பல்செட்’ என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிட்டார். இருபத்திரண்டு வருடமாகப் பல் டாக்டராக இருப்பவன் அதில் எப்படிக் கையெழுத்துப் போடுவது? அதனால்தான் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன்.

பல்செட் என்பது ஈறின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பது. தும்மினால் எழும்பும், சிரித்தால் நழுவும். என் மனைவிக்கு நான் வைத்தது இம்ப்ளான்ட் மேல் நிற்கிற பல்வரிசை. தாடை எலும்பில் டைட்டானியம் திருகுகளை இறக்க வேண்டும். மேலே நான்கு, கீழே நான்கு. புண் ஆறியதும் ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு சின்னக் குமிழ் வைப்போம். பல்வரிசையை அந்தக் குமிழ்களின் மேல் வைத்து அழுத்தினால், சட்டையில் தைக்கிற அழுத்துப் பொத்தான் மாதிரி ‘டிக்’கென்று பூட்டிக்கொள்ளும். ஆப்பிளைக் கூடக் கடிக்கலாம். இத்தனை வருடத்தில் நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான்.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, மொழிப்பாடம் எடுப்பவள். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதும் அவள்தான். சமையலறையில் நின்றுகொண்டு ஒரே வாக்கியத்தைப் பத்து விதமாகச் சொல்லிப் பார்ப்பாள். “உங்க வீட்ல தினம் தேர்தலா டாக்டர்?” என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீடு என்றால் எனக்கு அந்தக் குரல்தான்.

சென்ற வருடம் அவளுக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளியிருக்கிற ஊர். மதியச் சாப்பாட்டின்போது ஆணையைப் படித்துக் காட்டினாள். சேர ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

“நீங்க என்ன சொல்றீங்க?”

“நல்ல விஷயம்தானே. இதுக்குப் போய் என்னைக் கேக்கணுமா?”

“வாராவாரம் வந்துடுவேங்க. நீங்கதான் சாப்பாட்டுக்குத் திண்டாடுவீங்க, பாவம்.”

நான் சிரித்தேன். எனக்குத் தெரியும். வாராவாரம் என்பது மாதாமாதம் ஆகும், பிறகு லீவுக்கு லீவு என்றாகும், அப்புறம் அதுவும் நிற்கும். ஆனால் போகாதே என்று சொல்கிற ஆள் நான் இல்லை. வீட்டில் ஒருநாளும் நான் குரலை உயர்த்தியதில்லை. அவள் தங்கையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாள்.

அந்த வாரமே அவள், “பல் தேய்க்கும்போது லேசா ரத்தம் வருதுங்க, என்னன்னு பாருங்களேன்” என்றாள். நானாக ஆரம்பிக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். கிளினிக்குக்கு வரச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தேன். ஈறோரத்தில் பல்லில் கொஞ்சம் காரை படிந்திருந்தது, அவ்வளவுதான். இருபது நிமிடம் சுத்தம் செய்தால் போதும். எலும்பு கல் மாதிரி இருந்தது. நாற்பத்து நான்கு வயதில் அப்படி ஒரு வாயை நான் பார்த்ததில்லை. அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். உங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டு போனதில் அதுவும் இருக்கும். மடங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதே வாரம் ஒரு பஸ் டிரைவர் வந்திருந்தார், அவள் வயதுதான். எலும்பு முழுக்கக் கரைந்து, பற்கள் அந்தரத்தில் தொங்கின. அவருடைய படத்தின் ஓரத்திலிருந்த பெயரைக் கத்தரித்துவிட்டு, விளக்குப் பெட்டியில் மாட்டி, என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஒண்ணைக்கூடக் காப்பாத்த முடியாதாங்க?”

“விட்டா தாடை எலும்பே போயிடும்மா.”

“நீங்க சொன்னா சரிதான்” என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

நான்கு விடுமுறை நாட்களில் எடுத்து முடித்தேன். உதவிப் பெண்ணை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆடுகிற பல்லை விரலாலேயே எடுத்துவிடலாம். இவளுடையதோ ஒவ்வொன்றும் அரைமணி நேரம் வாங்கியது. என் மணிக்கட்டு வீங்கிப்போனது. இரண்டாவது நாள், மரப்பு ஊசி போட்டுத் தடித்த உதட்டோடு, “கெட்டுப்போனதுன்னீங்க, இவ்வளவு கெட்டியா இருக்கே?” என்று கேட்டாள். வேர் வளைந்திருக்கிறது என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று வாய்வரைக்கும் வந்தது, நிறுத்திக்கொண்டேன். மரப்பு ஊசியில் நான் கஞ்சத்தனம் செய்யவில்லை. அவளுக்கு வலித்திருக்காது.

பதவி உயர்வு வேண்டாம், உடம்பு சரியில்லை என்ற கடிதத்தை அவள்தான் எழுதினாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கு நீண்ட விடுப்பும் போட்டாள்.

பிறகு திருகுகளை வைத்தேன். ஆறும்வரை நான்கு மாதம் வெறும் ஈறு. கஞ்சி, சூப், மசித்த காய் எல்லாம் நானே செய்து கொடுத்தேன். பள்ளியிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டாள். பல் இல்லாமல் சகரமும் தகரமும் காற்றாகத்தான் வருமல்லவா, அவளுக்கு அது அவமானம். தபால்காரர் மணியடித்தால் உள்ளறைக்குப் போய்விடுவாள். என்னிடம் மட்டும் பேசினாள், அதுவும் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

பல்வரிசையைச் செய்துகொடுத்த லேப்காரரை எல்லோரும் ‘மெழுகு’ என்றுதான் கூப்பிடுவார்கள், பெயரே மறந்துபோயிற்று. பல்வரிசையின் உள்பக்கத்தில், குமிழைப் பிடிக்கிற நைலான் வளையங்கள் இருக்கும். நீல வளையம் லேசாகப் பிடிக்கும், நிறமில்லாதது இரும்புப் பிடி. வரிசைக்கு நான்கு திருகு இருந்தால் நீலமே தாராளம். நான் எட்டிலும் நிறமில்லாததைப் போடச் சொன்னேன்.

“டாக்டர், இதை அவங்களால கழட்டவே முடியாதே?” என்றார் மெழுகு.

“நான் எதுக்கு இருக்கேன்?” என்றேன். “குடுத்து வெச்சவங்க” என்று சொல்லிச் சிரித்தார்.

மாட்டிய அன்று அவள் கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். பத்து விதமாகச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் குரல் திரும்ப வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் கையோடு அவள், “திங்கக்கிழமையிலேர்ந்து ஸ்கூலுக்குப் போறேன். அடுத்த ப்ரமோஷன் லிஸ்ட்ல என் பேரைச் சேக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்” என்றாள்.

படுக்கப் போகும்போது பல்வரிசையைக் கழற்றிவிட வேண்டும், ஈறுக்குக் காற்று வேண்டும். அது விதி; எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார். நான்தான் கழற்றினேன். திங்கட்கிழமை காலையில் அதை டப்பாவில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்விட்டேன்.

“பல்லை வெச்சுட்டுப் போங்க, மணியாச்சு” என்று வாசல்வரை வந்தாள்.

“ஈறு இன்னும் சிவந்திருக்கு. ஒரு வாரம் போகட்டும்மா.”

சாயங்காலம் வந்து மாட்டிவிடுவேன். சேர்ந்து சாப்பிடுவோம், பேசிக்கொண்டிருப்போம். பிறகு கழற்றுவேன். காலையில் எடுத்துக்கொண்டு போவேன். ஒரு வாரம் பதினொரு வாரம் ஆயிற்று. முதலில் கேட்டாள். அப்புறம் கெஞ்சினாள். ஒருநாள் என் காலைத் தொடக்கூட வந்தாள், நான் விலகிக்கொண்டேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அவளை அடைத்துவைத்தேன் என்று புகாரில் இருக்கிறது. அது சரியில்லை. வாசல் கதவை நான் ஒருநாளும் பூட்டவில்லை. சாவி அவளிடமேதான் இருந்தது.

நான் செய்த தவறு ஒன்றே ஒன்று. எந்த நோயாளியின் கோப்பையும் படம் இல்லாமல் வைத்து எனக்குப் பழக்கமில்லை. கை பழக்கத்தில் அந்த டிரைவரின் படத்தை அவள் கோப்பில் வைத்து, கோப்பை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை என் மச்சினி வந்தாள். அக்கா இளைத்துப்போனதைப் பார்த்து, வேறு டாக்டரிடம் காட்டலாம் என்று கோப்பைக் குடைந்திருக்கிறாள். ஞாயிறு என்பதால் மதியச் சாப்பாட்டுக்கே அவளுக்குப் பல்வரிசையை மாட்டிவிட்டிருந்தேன், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மச்சினி அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அக்கா, இதுல கீழ் வரிசையில வலது கடைசிப் பல்லு இருக்கே. உனக்கு அது ஏது? அதைத்தானே கல்யாணத்துக்கு முன்னாடியே மாமா புடுங்கினாரு?”

உண்மைதான். பத்தொன்பது வருடத்துக்கு முன் அந்தப் பல்வலியோடுதான் அவள் என் கிளினிக் படியேறி வந்தாள். அப்படித்தான் அவளை எனக்குத் தெரியும். எதை மறந்தாலும் அதை நான் மறந்திருக்கக் கூடாது. மச்சினி கத்தினாள், நாற்காலியைத் தள்ளினாள். என் மனைவி அந்தப் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“முப்பத்தொண்ணும் நல்ல பல்லுதானா?”

அவள் எழுந்து வந்து என் முன்னால் வாயைத் திறந்தாள்.

“எடுங்க.”

எடுத்தேன். மேல் வரிசை, அப்புறம் கீழ் வரிசை. பழக்கம்தானே, கை தானாகச் செய்தது.

“இதை நீங்களே வெச்சுக்கங்க” என்றாள். ஈறால் பேசினாலும் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, உச்சி வெயிலில், கடைத்தெரு வழியாக, வாயைப் பொத்தாமல் இங்கே நடந்து வந்தாள். நான் வாசல் கேட்வரை போனேன். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று பதில் சொல்லிக்கொண்டே போனாள். அந்த வாயோடு அவள் வெளியே போவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

ஆகவே கேட்டதற்குப் பதில்: ஆம், முப்பத்தொன்றும் நல்ல பற்கள். நான்தான் பிடுங்கினேன், தெரிந்தேதான் பிடுங்கினேன். யார் தூண்டுதலும் இல்லை. மெழுகுக்கு ஒன்றும் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள்.

இப்போது அவள் வேறொரு டாக்டரிடம் போய், எட்டுத் திருகையும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறாளாம்; உங்கள் எழுத்தர்தான் பேச்சுவாக்கில் சொன்னார். எடுக்க வேண்டுமென்றால் எலும்பையும் சேர்த்துக் குடைய வேண்டும், மேடம். அவ்வளவு நன்றாகச் சேர்ந்துவிட்டது. அவளுக்கு என்மேல் வெறுப்பு என்று மச்சினி எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டினீர்கள். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் உடம்பு தனக்குப் பிடிக்காததை ஏற்றுக்கொள்ளாது. சில வாரத்தில் திருகை ஆட்டி வெளியே தள்ளிவிடும். என்னிடம் வந்த எத்தனையோ பேருக்கு அப்படி ஆகியிருக்கிறது. அவளுக்கு உண்மையிலேயே வெறுப்பு இருந்திருந்தால், எட்டில் ஒன்றாவது ஆடியிருக்கும்.